பிள்ளைகள் நடத்திய கல்யாணம்

"ஐயோ... சர்வேஷ்! தெளிக்கச் சொன்னேன்டா... ஊத்தச் சொல்லல!"

ஜெயசித்ரா கத்தி முடிப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பன்னீர்ச் செம்பின் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த அத்தனையையும் ஒரே வீச்சில் விசிறிவிட்டு, ஐந்து வயது சர்வேஷ் அவள் முந்தானைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டான்.

மண்டபத்து வாசலில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். வெளிர் நீலச் சட்டை, கழுத்திலிருந்து மார்பு வரை தொப்பலாக நனைந்திருந்தது. மூக்குக் கண்ணாடியில் பன்னீர் வழிந்தது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அதன் ரிப்பனிலும் நாலு சொட்டு.

"இந்தப் பசங்களுக்கு யாருங்க பொறுப்பு?"

"நான்தான்..."

"பத்திரிகையில வரவேற்புன்னுதான் போட்டிருந்தாங்க. குளிப்பாட்டுவாங்கன்னு போடலியே?"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து சேர்த்துவைத்திருந்த எரிச்சல் முந்திக்கொண்டது.

"கொழந்தைங்கதானே சார்... வெளியில மழையில நனைஞ்சா மட்டும் சும்மாதானே வருவீங்க?"

"மழை இப்படி மூஞ்சியக் குறி வெச்சு அடிக்காதுங்க."

சொல்லிக்கொண்டே அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கக் காய்ந்த துணி எங்கேயும் இல்லை. இடுப்பிலிருந்த குழந்தையின் பாவாடை நுனியில் துடைத்தான். அந்தச் சில நொடிகள்தான்... கண்ணாடி இல்லாத அந்தக் கண்களை ஜெயசித்ரா பார்த்துவிட்டாள். அப்போதுதான் தூங்கி எழுந்த பிள்ளையின் கண்கள் மாதிரி, யார் மேலும் கோபமே இல்லாத கண்கள். இமை ரோமத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. விழுமா விழாதா என்று அவள் தன்னையறியாமல் காத்திருந்தாள்.

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான். இன்னும் ஏதோ சொல்ல வந்தவன்... அவளைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டான்.

"பரவால்லங்க... வாசனையாத்தான் இருக்கு," என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு உள்ளே போனான்.

கல்யாணம் வெண்ணிலாவுக்கு. பாகூரில் ஜெயசித்ராவின் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. மாப்பிள்ளை மண்ணாடிப்பட்டுப் பக்கம் என்பதால், இரண்டு ஊருக்கும் நடுவாக இருக்கட்டும் என்று வில்லியனூரில் மண்டபம் பிடித்திருந்தார்கள். தெருவே வேன் ஏறி வந்திருந்தது. வேனை விட்டு இறங்கியதும் வெண்ணிலாவின் அம்மா அமுதம் செய்த முதல் வேலை, ஜெயசித்ராவின் கையைப் பிடித்ததுதான்.

"சித்ரா... எங்கண்ணு... பசங்களக் கொஞ்சம் பாத்துக்கோடி. மேடையில ஏறி ஒயரையெல்லாம் இழுத்துக்கினு கெடக்குதுங்க. நீதான் மிஸ்ஸாச்சே, உன் பேச்சத்தான் கேக்குங்க."

கிருமாம்பாக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் எல்.கே.ஜி. மிஸ். வருஷம் முழுக்கப் பிள்ளைகளோடுதான் பொழுது. அதனால் தெருவில் எந்த விசேஷம் என்றாலும் பிள்ளைகள் அவள் தலையில்தான். இந்த முறையாவது, புதிதாக எடுத்த தேன் நிறப் பட்டைக் கட்டிக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் மற்றவர்களைப் போல உட்கார்ந்து கல்யாணம் பார்க்கலாம் என்று நினைத்திருந்தாள். இருபத்தொன்பது வயதுப் பெண்ணுக்குக் கல்யாண மண்டபத்தில் எங்கே இடம்? கல்யாணமானவர்கள் ஒரு பக்கம் கூடிச் சிரித்தார்கள். கல்லூரிப் பெண்கள் இன்னொரு பக்கம் செல்ஃபி எடுத்தார்கள். 'உனக்கு எப்போ சித்ரா?' என்று கேட்ட வாய்களெல்லாம் கூட இந்த இரண்டு வருஷமாகக் கேட்பதை விட்டுவிட்டன. கேட்டபோது எரிச்சலாக இருந்தது. கேட்காதபோதுதான் வலித்தது.

சர்வேஷின் அம்மா அவள் வயதுக்காரிதான். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கும்பல். அந்தக் காலத்தில் கல்யாணமென்றால் தெருவை அடைத்துப் பந்தல் போடுவார்கள். பஸ் சுற்றிக்கொண்டு போகும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்று தனியாக ஒருத்தி கிடையாது. பசித்தால் எந்த இலைக்கு முன்னாலும் உட்காரலாம். தூக்கம் வந்தால் எந்த அம்மாவின் மடியிலும் சாயலாம். பந்தல்காலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்து, விழுந்து, எழுந்து, மறுபடி சுற்றி... மறுநாள் காலை யார் வீட்டுப் பாயில் யார் கண் விழித்தார்கள் என்பதே ஒரு வாரத்துக்குச் சிரிப்பாக இருக்கும். ஒவ்வொருத்தியாகத் தாலி கட்டிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு வெண்ணிலா. கும்பலில் மிச்சம் அவள் ஒருத்திதான்.

வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சும்மா இல்லை... வானத்தில் யாரோ அண்டாவைக் கவிழ்த்த மாதிரி. ரோட்டில் முழங்கால் தண்ணீர், மாப்பிள்ளை வண்டி வழியில் நிற்கிறது, வரவேற்பு தொடங்க நேரமாகும் என்று செய்தி வந்தது. பெரியவர்கள் காபி குடித்தார்கள். பிள்ளைகள் மண்டபத்தையே பிரித்துப்போட ஆரம்பித்தார்கள். மண்டபத்து மேனேஜர் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"மேடம்... மாடியில ஒரு பெரிய ரூம் காலியா இருக்குது. புண்ணியமாப் போவும், இட்டுக்கினு போயிடுங்க."

மாடி அறையில் அவன் இருந்தான்.

சட்டையை உடம்பில் ஒட்டாமல் முன்னால் இழுத்துப் பிடித்தபடி மின்விசிறிக்குக் கீழே நின்று காய வைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் குழந்தை அவன் காலைக் கட்டிக்கொண்டிருந்தது. திமுதிமுவென்று ஓடிவந்த படையைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கினான்.

"சரண்டர்ங்க! இன்னொரு சட்ட எடுத்துட்டு வரல."

ஜெயசித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அறை மூலையில் மெத்தைகளும் தலையணைகளும் அடுக்கியிருந்தன. கண் மூடித் திறப்பதற்குள் பிள்ளைகள் அதன் உச்சியில் இருந்தார்கள். ஒருத்தி சரிந்து விழுந்து, முழங்கை சிராய்த்து, ஓவென்று அழ ஆரம்பித்தாள். ஜெயசித்ரா எழுவதற்குள் அவன் அந்தப் பெண்ணுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தான்.

"உஷ்... அழுவாத அழுவாத, அவங்களுக்குக் கேட்டுடும்."

"யா...யாருக்கு?" விக்கலோடு வந்தது கேள்வி.

"உன் காதுக்குள்ள எறும்புங்க கல்யாணம் நடக்குது. மாப்ள எறும்பு இப்பத்தான் வந்து எறங்குது. பொண்ணு எறும்பு இன்னா கலர் பொடவ கட்டியிருக்குது, பாத்துச் சொல்லு..."

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டுக் கண்ணை மேலே உருட்டித் தன் காதுக்குள் பார்க்க முயன்றாள். "செவப்பு..." என்றாள். அதற்குள் அவன் கைக்குட்டையால் முழங்கையைத் துடைத்து முடித்திருந்தான்.

"எங்க கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?" என்றாள் ஜெயசித்ரா. தன் வேலையில் தன்னை ஒருவன் ஜெயித்துவிட்டான் என்பது அவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

"பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில லேப் டெக்னீஷியனா இருக்கேன். ரத்தம் எடுக்கறதுதான் வேல. சின்னப் பசங்க வந்தா ஊசி உள்ள போறதுக்குள்ள ஒரு கதைய ஆரம்பிச்சுடணும். ஆனா ஒண்ணுங்க... எனக்கு எந்தக் கதைக்கும் முடிவு தெரியாது."

"அது ஏன்?"

"ஊசிய எடுத்ததும் ஓடிடுவாங்களே..."

மறுபடியும் சிரித்தாள். ஒரே அறையில், கொஞ்ச நேரத்துக்குள் இரண்டு தடவை. கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தோம் என்று யோசித்தாள்... ஞாபகம் வரவில்லை.

மழை ஜன்னலை அறைந்தது. பிள்ளைகள் மறுபடி மெத்தைக் குன்றின் மேல் ஏறப் பார்த்தார்கள். திடீரென்று ஜெயசித்ராவுக்குள் பழைய தெரு திறந்துகொண்டது. மழை விட்ட சாயங்காலங்களில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பழைய போர்வையைக் கட்டி அவர்கள் கும்பல் நடத்தாத கல்யாணமா?

"எல்லாரும் இங்க பாருங்க! நாம ஒரு கல்யாணம் பண்ணலாமா?"

ஹோவென்று ஒரு கூச்சல். தலையணைகள் மேடையாயின. போர்வை பந்தலாயிற்று. ஆனால் அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களும் மணப்பெண்ணாகத்தான் அடித்துக்கொள்வார்கள். இந்தப் பிள்ளைகளுக்கோ வேறு ஆசைகள். ஒருத்தன் ஜெனரேட்டராக இருக்கப்போவதாகச் சொல்லி மூலையில் போய் உட்கார்ந்து 'டுர்ர்' என்று சத்தம் போட்டான். ஒருத்தி பியூட்டி பார்லர் அக்கா. சர்வேஷ் தண்ணீர் பாட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடியோகாரனாகிவிட்டான்.

"சிரிங்க... கொஞ்சம் இந்தாண்ட... அங்கிள், நவுருங்க! ஃபிரேம்ல வராதீங்க!"

"சாரிங்க சார்," என்று அவன் பணிவாக நகர்ந்தான்.

அவனோடு வந்த குழந்தை மட்டும் எதிலும் சேரவில்லை. நாலு வயது இருக்கும். பெயர் கனிஷ்கா என்று அவன் சொன்னான். அக்கா பெண்ணாம். வெளியாட்கள் முன்னால் வாயே திறக்காதாம். ஜெயசித்ரா அதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, "மேளக்காரர் இல்லாம கல்யாணம் நடக்காது... நீ ரெடியானதும் சொல்லு," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

"பொண்ணு யாருடா?" என்றது ஜெனரேட்டர்.

"மிஸ்ஸே இருக்கட்டும். அவங்கதான் பட்டுப் பொடவ கட்டியிருக்காங்க," என்றாள் பார்லர் அக்கா.

வீடியோகாரன் பாட்டிலைக் கீழே இறக்கினான். "மிஸ்ஸுக்குக் கல்யாணம் ஆவாதுடி. வயசாயிடுச்சாம்... எங்க ஆயா சொல்லிச்சு."

பிள்ளையின் குரலில் பொல்லாப்பு எதுவும் இல்லை. கேட்டதைச் சொன்னான், அவ்வளவுதான். ஜெயசித்ராவுக்குக் காது மடலெல்லாம் சூடாயிற்று. ஒரு அந்நியனுக்கு முன்னால்... போயும் போயும் இவனுக்கு முன்னால்...

"வீடியோ சார், உங்க ஆயா கரெக்டாத்தான் சொல்லியிருக்காங்க," என்றான் அவன். ஜெயசித்ரா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "இன்னிக்கி மிஸ்ஸுக்குக் கல்யாணம் ஆவாது. ஏன்னு சொல்லுங்க பாப்போம்? இந்தக் கல்யாணத்த நடத்தறதே அவங்கதான். ஐயரு, மேளம், சமையலு, வீடியோ... எல்லாரும் அவங்களக் கேட்டுத்தான் செய்யணும். பொண்ணுன்னா தலையக் குனிஞ்சிக்கினு ஒக்காரணும். மிஸ்ஸு எதுக்குத் தலையக் குனியணும்?"

"ஆமால்ல..." என்று சர்வேஷ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டான்.

ஆனால் ஜெயசித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் நிரம்பியதை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

கடைசியில் ஒரு தலையணைக்குத் துப்பட்டாவைச் சுற்றி மணப்பெண்ணாக்கினார்கள். இன்னொரு தலையணைக்குத் துண்டு கட்டி மாப்பிள்ளை. தாலிக்கு ஒரு ரிப்பன். எல்லாரும் கையில் அட்சதையென்று காற்றை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ரிப்பன் தலையணைக்குப் பின்னால் போனது. அப்போது...

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

மெல்லிய, கீச்சென்ற குரல். கனிஷ்கா டம்ளரைப் போட்டு அடி அடியென்று அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். ஜெயசித்ரா திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். இந்தத் தடவை இமையில் நின்றது பன்னீர் இல்லை.

"எங்க அத்தான் ஆக்சிடெண்ட்ல போனதுக்கு அப்புறம்... வெளியில எங்கயும் இவ பேசினதே இல்லங்க," என்றான் மெதுவாக. "நீங்க... இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. காத்திருந்தேன், அவ்ளோதான்."

பார்த்தான். அவளும் பார்த்தாள். எவ்வளவு நேரமோ...

"அடியே சித்ரா! மாப்ள வந்தாச்சு, பந்தியும் போட்டாச்சு, பசங்களுக்கு..." மூச்சிரைக்க ஏறி வந்த அமுதம் வாசலிலேயே நின்றாள். அவனைக் கூர்ந்து பார்த்தாள். "நீ... சுத்துக்கேணி கரும்புக்காரர் பலராமன் புள்ள இல்ல? ராஜ்மோகன்?"

"ஆமாங்க."

அமுதத்தின் கை வாய்க்குப் போனது. "ஐயையோ... இவங்க வூட்டுக்குத்தானேடி சித்ரா உன் ஜாதகம்..." என்று தொடங்கியவள், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது புரிந்து, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போனாள்.

ராஜ்மோகன், மாப்பிள்ளை ஊருக்குப் பக்கத்துச் சுத்துக்கேணி. ஜெயசித்ரா அந்தப் பெயரை மறந்ததே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொருத்தமெல்லாம் கூடிவந்த ஒரே வரன். அப்பா சுப்பராயலு, கொம்யூன் பஞ்சாயத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதற்கும் அதிகம் சிரிக்காதவர். அவரே அன்றைக்கு உற்சாகமாக அவளை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். போட்டோ தரகரின் போனுக்குப் போனது. அங்கிருந்து அவர்கள் வீட்டுக்குப் போனது. ஒரு வாரம் கழித்து வந்த பதில், 'பையனுக்கு இஷ்டமில்லையாம்'. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. அப்பா ஒன்றும் பேசாமல் ஏரிக்கரைக்குப் போய், இருட்டும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. 'இனிமே என் போட்டோ யாருக்கும் போவக் கூடாதுப்பா' என்று அன்றைக்குச் சொன்னவள்தான்.

"ஓ... நீங்கதானா அது?" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"ஜெயசித்ரா... நான்..."

"பசங்க சாப்பிடணும். வழி விடுங்க."

மறுநாள் முகூர்த்தத்தில் அவள் பிள்ளைகள் பக்கமே போகவில்லை. வீம்பாக முன் வரிசையில் போய் உட்கார்ந்தாள். வெண்ணிலா மேடையிலிருந்து அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். ஓமப் புகையும் மல்லிகையும் கலந்த வாசனை... எத்தனை நாள் ஆசைப்பட்ட இடம்! ஆனால் காது என்னவோ பின்பக்கமே இருந்தது. பின்னால் ராஜ்மோகனின் குரல் பிள்ளைகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது. "டேய், நாற்காலி மேல ஏறாத... எறும்பு இன்னாச்சு தெரியுமா... டேய், இருங்கடா, கதை இன்னும் முடியல..." படாரென்று ஏதோ சரிந்தது. அவள் திரும்பவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கூட்டத்தின் கால்களுக்கு நடுவே நுழைந்து கனிஷ்கா வந்தது. கேட்காமல் கொள்ளாமல் அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில், குனிந்து குனிந்து, "சாரிங்க... சாரிங்க..." என்றபடி அவன் வந்தான். சட்டைப் பையில் நசுங்கிய ஜிலேபி. தலையில் யாரோ கொட்டிய அட்சதை.

தாலி ஏறியதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கை கழுவும் பக்கம் போனாள். அவன் பின்னாலேயே வந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள் அவள். "போட்டோவப் பாத்துட்டு வேணாம்னீங்களே... அப்படி இன்னாங்க பிடிக்கல?"

"நான் பாக்கவே இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"நெசமா. அம்மா போன்லதான் வந்துச்சு. தெறந்தே பாக்கல. அப்பத்தான் அத்தான் போய்ட்டாரு. மஞ்சுளா அக்கா இவளத் தூக்கிக்கினு வூட்டுக்கு வந்துடுச்சு. வர்ற பொண்ணு அக்காவ பாரமாப் பாத்துடுவாளோன்னு... எல்லா எடத்துக்கும் வேணாம்னுட்டேன். எது வந்தாலும் வேணாம். இப்பக்கூட பாருங்க, விதவை எதுக்கு கல்யாணத்துக்குன்னு யாராவது சொல்லிடுவாங்கன்னு அக்கா வர மாட்டேன்னுடுச்சு. அதான் இவள நான் தூக்கிக்கினு வந்தேன்."

அவளுக்குக் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. வேறு இடத்தில் போய்ப் பற்றிக்கொண்டது.

"நான் அப்படிப்பட்டவளா இருப்பேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. ஒரு வார்த்த என்னைக் கேட்டீங்களா? உங்க வூட்டு நல்லதுக்கு நீங்க யோசிச்சீங்க... சரி. எங்கப்பா அன்னிக்கி ஏரிக்கரையில தனியா ஒக்காந்திருந்தாரே, அத யாரு யோசிச்சாங்க?"

அவள் குழந்தையின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்து, அதை அவன் கையில் கொடுத்தாள். அவள் வேனில் ஏறும்போதும் மழை தூறிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்துவிட்டாள். அவன் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தான்.

எதிர்வீடு வெண்ணிலா இல்லாமல் வெறிச்சென்று ஆயிற்று. பள்ளிக்கூடம், வீடு, வாசலில் தெருப் பிள்ளைகளின் கூச்சல்... எல்லாம் பழையபடி ஓடின. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை அழுதால், எறும்புக் கல்யாணம் ஞாபகம் வந்தது. அந்த எறும்புகள் என்னவாயின? தாலி கட்டியாயிற்றா? ச்சே... என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொள்வாள். அப்பா ஒருநாள், "இன்னாமா, தனியாச் சிரிச்சிக்கிற?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா," என்றாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில், "வூட்டுல யாருங்க?" என்று ஒரு பெண் குரல். கனிஷ்கா முதலில் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. பின்னால் வந்தவள் ஒடிசலாக, நெற்றியில் ஒரு சின்னப் பொட்டோடு இருந்தாள். அந்தக் கண்களை ஜெயசித்ரா அடையாளம் கண்டுகொண்டாள்.

"நான் மஞ்சுளா. ராஜ்மோகன் அக்கா. அமுதம் அம்மாகிட்ட வூட்டக் கேட்டுக்கினு வந்தேன்."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். யார் என்று புரிந்ததும் அவர் முகம் இறுகியது. மஞ்சுளா உட்காரவில்லை. அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ஐயா... உங்க பொண்ண வேணாம்னு சொன்னதுக்கு நான்தான் காரணம்னு எனக்கே இப்பத்தான் தெரியும். கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்ததுலேருந்து இவ மிஸ்ஸு மிஸ்ஸுன்னு ஒரே பேச்சு. என் தம்பி வாயே தெறக்கல. போட்டு உலுக்கினேன், எல்லாத்தையும் சொன்னான்." ஜெயசித்ராவின் பக்கம் திரும்பினாள். "எனக்கு ரெண்டு கையும் இருக்குதும்மா. தையல் மிஷின் இருக்குது. ஊர்ல பாதிப் பேரு ஜாக்கெட் என் கையாலதான். நான் யாருக்கும் பாரமில்ல. என்னை ஒரு காரணமா வெச்சிக்கினு என் தம்பி தனியா நின்னா, அதுதான் எனக்குப் பெரிய பாரம்."

அப்பா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "நிக்கிறீங்களேம்மா... ஒக்காருங்க. காபி சாப்பிடலாம்."

"அவரு வரலியா?" என்றாள் ஜெயசித்ரா, கனிஷ்காவின் தலையைக் கோதியபடி, யாரையும் பார்க்காமல்.

மஞ்சுளாவின் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு. "அவந்தான் வண்டியில இட்டாந்து வுட்டான். தெரு முனையிலயே நின்னுட்டான். பயமாம்."

"ஊசி போடற ஆளுக்குப் பயமா?"

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. தெருப் பிள்ளைகள் மழையைச் சட்டை செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்த வீட்டு ஜன்னல்களிலிருந்து, "டேய், உள்ள வாடா, சளி புடிச்சிக்கும்!" என்று அம்மாக்களின் குரல்கள். ஒரு காலத்தில் அவள் கும்பலை அம்மாக்கள் கூப்பிட்ட அதே தொனி... கூப்பிடுகிறவர்கள் மட்டும் மாறியிருந்தார்கள்.

மூடியிருந்த இஸ்திரிக் கடையின் தகர இறக்கத்துக்குக் கீழே அவன் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் நேராக நின்றான், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"அக்கா பேசவேண்டியத அக்கா பேசிட்டாங்க," என்றாள் அவள். "நீங்க?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன். உங்களக் கேக்காம உங்களுக்கும் சேத்து நானே முடிவு பண்ணினது தப்பு. உங்கப்பாகிட்டயும் கேக்கணும். அது ஒண்ணு."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது... வாயில வர மாட்டேங்குது."

"அப்போ நான் கெளம்பறேன்."

"இருங்க... இருங்க." மழையில் ஒரு அடி வெளியே வந்துவிட்டான். "டூட்டி முடிஞ்சதும் தெனமும் பாகூர் வழியாத்தாங்க சுத்திக்கினு போறேன். வூட்டுக்கு அது வழியே இல்ல. ஒரு நாள்கூட வண்டிய நிறுத்தல. நிறுத்தினா இன்னா சொல்றதுன்னு தெரியல. அன்னிக்கி நீங்க, காத்திருந்தேன், அவ்ளோதான்னு சொன்னீங்க. அதக் கேட்டதுலேருந்து வேற எதுவும் காதுல ஏற மாட்டேங்குது. எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு ஜெயசித்ரா. வேணாம்னு நீங்க சொன்னா... அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்குது. கேட்டுக்கினு போய்டுவேன்."

தகரத்தில் மழை தடதடத்தது. எவ்வளவு கவனமாகக் கோபத்தைச் சேர்த்துவைத்திருந்தாள்... கையில் பிடித்த தண்ணீராக எங்கே போயிற்று அது?

"எனக்கு இன்னும் கோவம் போவல," என்றாள்.

"தெரியுது."

"போவ நாளாவும்."

"ஆவட்டும்."

"எங்கப்பாகிட்ட நீங்களே பேசணும். அக்காவ அனுப்பிட்டு இங்க வந்து ஒளிஞ்சிக்கக் கூடாது."

"இப்பவே வரேன்."

"அப்புறம்..." அவள் குடையை அவன் தலைக்கு மேலே கொஞ்சம் நகர்த்தினாள். கண்கள் மட்டும் தரையில், ஓடுகிற மழைத் தண்ணீரில். "அக்காவும் கனிஷ்காவும் வேற எங்கயும் போவக் கூடாது. நம்ம வூட்லதான் இருக்கணும்."

தலையாட்டிக்கொண்டே வந்தவன், சட்டென்று ஆடாமல் நின்றான்.

"இன்னா சொன்னீங்க?"

"மழையில காது கேக்கலியா?"

"கேட்டுச்சு... யாரு வூட்லன்னு சொன்னீங்க? அத மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்களேன்."

ஜெயசித்ரா தலையை நிமிர்த்தினாள். மழையைத் தாண்டி, கண்ணாடியைத் தாண்டி, அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"நம்ம வூட்ல," என்றாள்.